அலுவலகத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஒரே வண்டி: மீட்டியார் 350

தாழ்ந்த இருக்கையில் கால்களை முன்னே நீட்டி அமர்ந்து ஓட்டும் குரூசர் வகை பைக் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர்கள் அனைவரும் முதலில் கேட்டது எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 வண்டியை 2023-இல் வாங்கி, வார நாட்களில் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையிலும், விடுமுறைகளில் மனைவியுடன் வெளியூர்களுக்கும் ஓட்டிவந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும். இருக்கையின் உயரம், வண்டியின் எடை, குறைந்த வேகத்தில் இன்ஜின் இழுக்கும் விதம், கால்களும் முதுகும் அமரும் நிலை ஆகிய நான்கும்தான் இந்த வகை வண்டி நமக்குப் பொருந்துமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

நான் பரிசீலித்தவற்றில் பஜாஜ் அவெஞ்சர் குரூஸ் 220 ஒரு முனை என்றால், ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650 மறுமுனை. அவெஞ்சரின் எடை 163 கிலோ. இருக்கை உயரம் 737 மில்லிமீட்டர். நெரிசலில் ஓட்டுவதற்கு அதைவிட எளிய குரூசர் நம் சந்தையில் அரிது. ஆனால் பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருப்பதும், இருவர் அமர்ந்து மூட்டையும் கட்டிக்கொண்டு மலை ஏறும்போது 17.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் இழுவை) போதாமல் போவதும் என்னை விலக்கின. 650-ஓ இரட்டை சிலிண்டரும் 52 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்ட அருமையான வண்டி. நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் அலட்டிக்கொள்ளாமல் ஓடக்கூடியது. ஆனால் அதன் எடை 241 கிலோ. அலுவலகத்தின் தரைக்கீழ் நிறுத்துமிடத்தில், சரிவில் முன்சக்கரம் கீழ்நோக்கி நிற்க, அதைப் பின்னுக்குத் தள்ளி வெளியே எடுப்பதை ஒவ்வொரு மாலையும் செய்ய வேண்டியவர் அந்த எண்ணை இருமுறை படிக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே மீட்டியார் 191 கிலோ எடையும் 765 மில்லிமீட்டர் இருக்கை உயரமும் கொண்டது. என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். சிக்னலில் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிகின்றன. மழைநீர் தேங்கிய சாலையில் ஒரு காலைக் குழிக்குள் ஊன்ற நேர்ந்தாலும் வண்டி சாயாமல் தாங்கிக்கொள்ள முடிகிறது. இதே திறன் வரிசையில் உள்ள ஹோண்டா ஹைனெஸ் சிபி350 பத்து கிலோ குறைவானது, இன்ஜினும் மிக மென்மையானது. ஆனால் அதன் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர், அமரும் நிலையும் குரூசருக்குரியது அன்று. உயரமானவர்கள் அதையும் அவசியம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மீட்டியாரின் உயிர் அதன் இன்ஜினில் இருக்கிறது. 2020 நவம்பரில் இந்த வண்டி வெளியானபோதுதான் 349 சிசி கொள்ளளவுள்ள புதிய ஜே வரிசை இன்ஜின் முதன்முதலில் வந்தது. அதற்கு முந்தைய தண்டர்பேர்டில் இருந்த 346 சிசி இன்ஜின், தள்ளுதண்டுகளால் வால்வுகளை இயக்கும் பழைய அமைப்பைக் கொண்டது. வேகம் கூடக்கூட ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் அதிர்வு ஏறும். புதியதில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் சிலிண்டர் தலைக்குப் போய்விட்டது. அதிர்வைச் சமன்செய்யத் தனித் தண்டு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 4,000 சுழற்சியிலேயே முழுமையாகக் கிடைப்பதால், பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் வாகனங்கள் ஊர்ந்து செல்லும் நேரத்தில் மூன்றாவது கியரிலேயே நிதானமாகச் சென்று, இடம் கிடைத்ததும் கியரைக் குறைக்காமல் முன்னேற முடிகிறது. குதிரைத்திறன் 20-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மணிக்கு 80 முதல் 90 கிலோமீட்டர் வரை வண்டி மகிழ்ச்சியாக ஓடுகிறது. நூறைத் தாண்டியபின் இருவரைச் சுமந்துகொண்டு ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நாள் முழுவதும் 110-இல் செல்ல விரும்புபவர்கள் இதை வாங்கக் கூடாது என்றே சொல்வேன்.

குறைந்த வேகத்திலேயே இழுக்கும் குணம் மலைப்பாதையில் வரமாகிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலானவற்றை இரண்டாவது கியரில், கிளட்சைத் தொடாமல் ஏறினோம். இறங்கும்போதும் அதே கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டதால் பிரேக்குக்கு வேலை குறைந்தது. இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கும், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இருப்பது, தேயிலைத் தோட்டங்களுக்கிடையே பனியில் நனைந்த சாலையில் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அங்குதான் உணர்ந்தேன்.

பெட்ரோல் டாங்க் 15 லிட்டர் கொள்ளும். என் கையில் லிட்டருக்கு 32 முதல் 35 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஆக, சென்னையில் டாங்கை நிரப்பினால் திருச்சி வரை பங்க் தேட வேண்டியதில்லை.

குரூசரில் நெடுநேரம் அமர்வதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்குதான். சாதாரண பைக்கில் கால்கள் உடலுக்கு நேர்கீழே இருப்பதால், பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி இடுப்பைச் சற்று உயர்த்திவிடுகிறோம். குரூசரில் கால்கள் முன்னே நீண்டிருப்பதால் அது எளிதில் முடியாது, அடி முழுவதும் முதுகெலும்பின் அடிப்பகுதிக்கே போகிறது. இது எல்லாக் குரூசர்களுக்கும் உரிய இயல்பு. மீட்டியாரில் கால்கள் மிதமாகவே முன்னே இருப்பதால் தாக்கம் குறைவு, ஆனாலும் இல்லாமல் போகவில்லை. பின்பக்க ஷாக் அப்சார்பரை, தனியாகச் செல்லும்போது மென்மையாகவும், இருவர் செல்லும்போது இறுக்கமாகவும் மாற்றி வைப்பதும், எண்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடப்பதும் எனக்குக் கைகொடுத்தன. முதுகுவலி ஏற்கெனவே உள்ளவர்கள், ஷோரூம் வாசலில் ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு முடிவெடுக்காமல், நண்பரின் வண்டியைக் கேட்டு வாங்கி இரண்டு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மீட்டியாரின் வகைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. ஃபயர்பால்தான் விலை குறைந்த வகை; ஆனால் பின்னால் அமர்பவருக்கு முதுகுத் தாங்கி ஸ்டெல்லாரில்தான் தொடங்குகிறது. அந்தத் தாங்கி இல்லாமல் இருநூறு கிலோமீட்டர் வர என் மனைவி சம்மதித்திருக்க மாட்டார், அது நியாயமும்கூட. சூப்பர்நோவாவில் காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் சேர்ந்து வருவதால் மார்பில் மோதும் காற்று குறைந்து, மாலையில் தோள்கள் அவ்வளவாகச் சோர்வதில்லை. 2023-இன் பிற்பகுதியில் வந்த ஆரோராவின் கம்பிச் சக்கரங்கள் பார்வைக்கு அழகுதான். ஆனால் அவற்றில் ட்யூப் உள்ள டயர்கள் வருகின்றன. இரவில் ஆளில்லாத சாலையில் பஞ்சரானால், ட்யூப்லெஸ் டயர் என்றால் ஓரமாக நிறுத்தி நாமே அடைத்துவிடலாம். ட்யூப் டயர் என்றால் சக்கரத்தைக் கழற்ற ஆள் தேட வேண்டும். தொலைதூரம் செல்பவருக்கு அலாய் சக்கரமே ஏற்றது.

இப்போது வாங்குபவர்களுக்கு, நான் வாங்கியபோது இல்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடாக உயர்ந்தது. 350-க்கும் 650-க்கும் நடுவே தயங்கி நிற்பவர்கள் விலையை இந்த வரியோடு சேர்த்துக் கணக்கிட்டு, அந்தக் கூடுதல் பணத்துக்கு ஆண்டில் எத்தனை நாட்கள் நெடுஞ்சாலையில் இருக்கப் போகிறோம் என்று எண்ணிப் பார்க்கட்டும். எனக்கு அது முப்பது நாட்களைத் தாண்டவில்லை. மற்ற நாட்களெல்லாம் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையிலான ஜிஎஸ்டி சாலையில்தான்.