‘இடி இடித்தாலும் கவலை இல்லை’ என்று விற்கப்படும் சர்ஜ் பெட்டி: மதுரை மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

மின்னல் வெட்டினாலும் வீட்டிலுள்ள ஒரு பொருளும் பழுதாகாது என்று உறுதி கூறி விற்கப்பட்ட ஒரு சர்ஜ் (ஒயரில் திடீரென்று பாயும் மிகை மின்னழுத்தம்) தடுப்புப் பெட்டியால் எங்கள் குடும்பத்துக்கு 47,300 ரூபாய் நட்டமாகியிருக்கிறது. பெட்டிக்கும் அதை மாட்டிய கூலிக்கும் 11,800, எரிந்துபோன டி.வி.க்குப் பதிலாகப் புதியது வாங்க 24,000, ஃபிரிட்ஜ் போர்டுக்கு 6,200, வாஷிங் மெஷின் போர்டுக்கு 5,300. விற்றவர், மதுரை நகருக்குள் மின்சாமான் கடைகள் நெருக்கமாக உள்ள ஒரு தெருவில் சுவிட்சு, ஒயர், மோட்டார் எல்லாம் வைத்து வியாபாரம் செய்பவர். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பெட்டி வேறு கடைகளிலும் தொங்குவதைப் பார்த்த பிறகு, மழைக்காலம் முடியும்வரை காத்திராமல் இப்போதே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

எங்கள் வீடு சமயநல்லூர்ப் பக்கம், தோப்புகளை ஒட்டி இருக்கிறது. கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் வெட்டவெளியில்தான் வருகிறது. சித்திரையில் கோடைமழையும் ஐப்பசியில் அடைமழையும் வரும்போதெல்லாம் தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் மோடமோ இன்வெர்ட்டரோ போய்விடும். ஆகவே மெயின் போர்டிலேயே ஒரு பாதுகாப்புச் சாதனம் வைத்துவிடலாம் என்று முடிவு செய்து, அதை மட்டுமே கேட்டுக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அவசரப்படவில்லை. என்னை உட்கார வைத்து, மேசைமேல் இருந்த ஒரு பலகையில் இரண்டு குண்டு பல்புகளை எரியவிட்டார். ஒன்று நேரடி இணைப்பு, மற்றொன்று பெட்டி வழியாக வருவது என்றார். ஒரு குமிழைத் திருகத் திருக, நேரடி இணைப்பில் இருந்த பல்பு வெள்ளையாகப் பிரகாசித்துப் பட்டென்று போய்விட்டது. மற்றொன்று அசையாமல் எரிந்தது. பிறகு ஒரு பெட்டியை எடுத்து என் கையில் வைத்து, “கனத்தைப் பாருங்கக்கா, உள்ள பூராம் செம்பு. என் வீட்லயும் இதத்தான் மாட்டியிருக்கேன்” என்றார். கல்லாவுக்கு மேலே சந்தனம் வைத்த திருப்பரங்குன்றம் முருகன் படம் இருந்தது. அதைக் கைகாட்டி, “அவன் மேல சத்தியமாச் சொல்றேன், அஞ்சு வருசத்துக்கு நான் பொறுப்பு” என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பில்லும் வாரண்டி அட்டையும் மாட்ட வரும் பையனிடம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். வந்ததோ ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டும், முத்திரை இல்லாத ஓர் அட்டையும்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மாலை, எதிர்த் தோப்பில் இருந்த தென்னையில் இடி விழுந்தது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது டி.வி. எரியவில்லை, ஃபிரிட்ஜின் உள்விளக்கு மட்டும் எரிந்தது, கம்ப்ரசர் ஓடவில்லை, வாஷிங் மெஷினிலிருந்து கருகிய வாடை வந்தது. மெயின் போர்டில் அந்தப் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் எதுவும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் நீண்ட காலமாக வயரிங் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் மறுநாள் மெயினை அணைத்துவிட்டு, பெட்டியைக் கழற்றி என் கண்முன்னே பிரித்தார். உள்ளே ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், அந்தப் பச்சை எல்இடி, அவ்வளவுதான். கனத்துக்குக் காரணம் செம்பு அல்ல. அடியில் சிமெண்டைக் குழைத்து ஊற்றிக் காய வைத்திருந்தார்கள். வெளியே பச்சை நிற எர்த் கம்பி மெயின் போர்டின் எர்த் பட்டையில் முறையாக முறுக்கப்பட்டிருந்தது. அதே கம்பியின் மறுமுனை, பெட்டிக்குள் எதிலும் சேராமல், பிளாஸ்டிக் சுவரில் பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. வீட்டு எர்த்தையும் அவர் சோதித்துப் பார்த்து, அதில் குறை இல்லை என்றார்.

உண்மையான சர்ஜ் சாதனத்தின் உயிர் வாரிஸ்டர் என்ற சிறு வில்லை. துத்தநாக ஆக்சைடால் ஆன அது, வழக்கமான 230 வோல்ட்டில் மின்சாரத்தைத் தன் வழியாக விடாது. மின்னலால் பல ஆயிரம் வோல்ட் பாயும் அந்த மைக்ரோ நொடிகளில் மட்டும் திறந்துகொண்டு, பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பிவிடும். எங்கள் பெட்டியில் வாரிஸ்டரும் இல்லை, எர்த்துக்கு வழியும் இல்லை. கடையில் காட்டிய பல்பு வித்தையும் இதற்குச் சம்பந்தமில்லாதது. வோல்டேஜ் மெல்ல ஏறி இறங்குவதைச் சரிசெய்வது ஸ்டெபிலைசரின் வேலை. சர்ஜ் சாதனம் அதைச் செய்யாது, ஆகவே இரண்டாவது பல்புக்குத் தனி இணைப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்றார் அந்த அண்ணன். ஸ்டெபிலைசருக்குள் உள்ள ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சு விழித்துக்கொள்வதற்குள் சர்ஜ் கடந்து போயிருக்கும். மிகை மின்னோட்டத்தில் விழும் எம்சிபியும், மின்கசிவில் விழும் ஆர்சிசிபியும் அதைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இந்த வேறுபாடுகள் பொதுமக்களுக்குத் தெரியாது என்ற துணிச்சலில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

அதன்பிறகு கடையில் பட்ட அவமானம், பணம் போனதைவிட அதிகமாக வலிக்கிறது. முதலில் ஒரு பையன், “நேரா இடி விழுந்தா எந்தக் கம்பெனியும் பொறுப்பில்லக்கா” என்றான். இடியைச் சொல்லித்தானே விற்றீர்கள் என்று கேட்டதற்கு, முதலாளி வெளியூர் போயிருப்பதாகப் பதில் வந்தது. முதலாளியைப் பிடித்தபோது, அட்டையில் முத்திரை இல்லாததால் வாரண்டி செல்லாது என்றார். அந்த அட்டையைக் கொடுத்ததே அவர் அனுப்பிய ஆள். உங்கள் வீட்டு எர்த் சரியில்லை என்றார். சோதித்தாயிற்று என்றதும், நாங்கள் வெறும் டீலர், கம்பெனிக்காரர் வெள்ளிக்கிழமை வருவார் என்றார். எந்த வெள்ளிக்கிழமையும் யாரும் வரவில்லை. சிமெண்டுக் கட்டியின் படத்தைக் காட்டியபோது மட்டும் குரலைத் தாழ்த்தி, இன்னொரு பெட்டி இலவசமாகத் தருவதாகவும், பழையதை ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். 47,300 ரூபாய் இழந்தவளுக்கு இன்னொரு சிமெண்டுப் பெட்டியா? முருகன் படம் அதே இடத்தில்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டி.வி. நிறுவனமும், மின்னழுத்தக் கோளாறால் வந்த சேதம் வாரண்டியில் அடங்காது என்று எழுத்தில் தெரிவித்துவிட்டது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மெயின் போர்டுக்கு ‘டைப் 2 எஸ்பிடி’ (எஸ்பிடி என்பது சர்ஜ் பாதுகாப்புச் சாதனம்) என்று கேளுங்கள். அதன் மேலேயே ஐஇசி 61643-11 என்ற தர எண்ணும், எத்தனை கிலோ ஆம்பியர் தாங்கும் என்பதும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உள்ளிருக்கும் வாரிஸ்டர் செத்துவிட்டால் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும் சாளரம் அதில் இருக்க வேண்டும். வெறும் விளக்கு எரிவது எதற்கும் சான்றல்ல. எர்த் இல்லாத வீட்டில் முதலில் எர்த் போடுங்கள். எஸ்பிடி இருந்தாலும், இடி தொடங்குவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்குங்கள், டி.வி.யின் கேபிள் ஒயரையும் கழற்றுங்கள், சர்ஜ் அதன் வழியாகவும் வரும்.

ஜிஎஸ்டி பில் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இதே பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால், வயர்மேனை வைத்து, மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தருகிறோம் என்று கடைக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.