குழாய்த் துருவுக்குச் சிட்ரிக் அமிலத் தூள்: எட்டு மாதங்களுக்குப் பிறகு

எங்கள் கிணற்று நீர் வாளியில் விழும்போது கண்ணாடிபோல் இருக்கும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் காவியைக் கரைத்து ஊற்றியதுபோல் மாறியிருக்கும். நீரில் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிகிறது. வாளியில் படிவதைத் தேய்த்துக் கழுவிவிடலாம். குழாய் வளைவுக்குள்ளும் ஷவர் துளைகளிலும் படிவதை என்ன செய்வது? குளியலறையில் தண்ணீர் நூலாக ஒழுகத் தொடங்கியபோதுதான் 5 கிலோ சிட்ரிக் அமிலத் தூள் வாங்கினேன்.

அதற்கு முன்பு பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றியிருந்தேன். கறை இன்னும் அழுத்தமாகிவிட்டது. குளோரின் நீரிலுள்ள இரும்பைத் துருவாக்குமே தவிர, படிந்த துருவைக் கரைக்காது. பிளீச்சிங் பவுடர் மிச்சமிருக்கும் இடத்தில் அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. ஆகவே தொட்டியையும் குழாய்களையும் நன்றாக அலசி, ஒரு வாரம் பொறுத்த பிறகே இந்தத் தூளைத் தொட்டேன்.

வாங்குவதற்கு முன் கிணற்றிலிருந்து நேரே ஒரு பாட்டில், குழாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து வைத்துப் பாருங்கள். கிணற்று நீர் தெளிவாகவே இருந்து குழாய் நீர் மட்டும் சிவந்தால், குழாயே துருப்பிடிக்கிறது என்று பொருள். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அமிலம் அரிக்கும். அங்கே குழாயை மாற்றுவதுதான் வழி. எங்கள் வீட்டில் எல்லாம் பி.வி.சி. என்பதால் துணிந்தேன்.

200 லிட்டர் தண்ணீரில் 4 கிலோ தூள். வாட்டர் ஹீட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அதற்குப் போகும் வால்வையும் மூடினேன். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, கரைசல் வந்ததும் மூடினேன். உறையில் அரை மணி நேரம் போதும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். போதவில்லை. அரை மணியில் வெளிறிய மஞ்சள் நீர்தான் வந்தது. நான்கு மணி நேரம் விட்டுத் திறந்தபோது கரும்பழுப்பாகக் கொட்டியது. கூடவே நகக்கண் அளவுச் செதில்கள். அந்தச் செதில்கள் அடைக்காமலிருக்கக் குழாய் முனைகளில் உள்ள வலைகளை முன்பே கழற்றி வைத்திருந்தது நல்லதாயிற்று. தெளிந்த நீர் வரும்வரை அலசிய பிறகு ஷவரில் பழைய வேகம் திரும்பியது. அன்று என் அம்மா வெகு நேரம் குளித்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உறையைத் திறந்தபின் ஈரம் ஏறித் தூள் கல்லாக இறுகுகிறது. மூடி இறுகிய டப்பாவுக்கு மாற்றுங்கள். பளிங்குத் தரையில் சிந்திய இடம் மெருகிழந்துவிட்டது, இதைப் பற்றி உறையில் ஒரு வரிகூட இல்லை. கழிவறைத் தொட்டியில் கூழ்போல் ஒட்டியிருந்த செம்படலமும் இதற்கு மசியவில்லை. அது இரும்பை உண்டு வளரும் பாக்டீரியா. அதைத் தேய்த்தெடுத்துவிட்டுக் குளோரின்தான் போட வேண்டும், அதுவும் அமிலம் முழுக்கப் போனபின் வேறொரு நாளில்.

ஐந்தாம் மாதமே தொட்டியின் அடி மீண்டும் சிவந்தது. தூளின் மீது பழி சொல்ல மாட்டேன். புதிதாக வரும் இரும்பை அது எப்படித் தடுக்கும்? இப்போது தொட்டிக்கு முன்பாக மாங்கனீசு டையாக்சைடு மணல் நிரப்பிய இரும்பு வடிகட்டி வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை நீரை எதிர்த்திசையில் வேகமாகச் செலுத்தி அதைக் கழுவுகிறேன். மீதமுள்ள ஒரு கிலோ தூளில் மாதந்தோறும் ஒரு கைப்பிடி எடுத்து, வெந்நீரில் கரைத்து, ஷவர் தலையை ஊறப்போடுகிறேன்.