மார்பகக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: பாரம் குறையும், தழும்பு நிற்கும்

பிளாஸ்டிக் சர்ஜரி வகைகளில், செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் திருப்தியோடு பேசுவது இந்தச் சிகிச்சையைப் பற்றித்தான். தோள்வலி, கழுத்துவலி, பிரா பட்டை அழுந்தி உண்டான பள்ளம், அடிமடிப்பில் வியர்வை தங்கி வரும் புண், ஓட முடியாத அவஸ்தை எல்லாம் எடையால் வந்தவை. எடையை எடுத்தால் அவையும் சில வாரங்களில் தணியத் தொடங்கும். இந்த விஷயத்தில் தாராளமாக மதிப்பெண் போடலாம். ஆனால் கழுத்தெலும்புத் தேய்மானத்தால் வரும் வலி இதனால் போகாது. வலிக்கு வேறு காரணம் உண்டா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

கண்ணாடி முன் நிற்கும்போது மதிப்பெண் கொஞ்சம் இறங்கும். தழும்பு நிச்சயம். காம்பின் உணர்ச்சி முன்போல இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டு பக்கமும் அச்சு வார்த்தாற்போல அமையாது. சிகிச்சைக்கு முன்பும் யாருக்கும் அப்படி இருப்பதில்லை.

முதல் சந்திப்பு

ஒரு சர்ஜனை எடைபோட வேண்டிய இடம் ஆலோசனை அறை. அளவுநாடா எடுக்காத சர்ஜனிடம் யோசித்தே போகவேண்டும். கழுத்தடிக் குழியிலிருந்து காம்பு வரை, காம்பிலிருந்து அடிமடிப்பு வரை என இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். புகைப்பழக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய், பழைய காயங்கள் தடித்த தழும்பாக ஆறிய வரலாறு, இனி குழந்தை பெறும் எண்ணம் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். வயது 40-ஐத் தாண்டியவர்களுக்கு முன்கூட்டியே மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பது வழக்கம்.

"எந்த கப் அளவுக்கு வரும்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நேர்மையான சர்ஜன் நழுவலாகத்தான் பதில் சொல்வார், அதில் தவறில்லை. கப் அளவு ஒவ்வொரு பிராண்டுக்கும் மாறும். சர்ஜன்கள் கிராம் கணக்கில்தான் யோசிப்பார்கள். எவ்வளவு எடுத்தாலும் காம்புக்கு ரத்தம் போகும் அளவு திசுவை விட்டுவைத்தே ஆகவேண்டும், அதனால் எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. காப்பீடு கேட்பவர்களுக்கும் கிராம் கணக்கு முக்கியம். உடல் பரப்பளவோடு எடுக்கப்படும் எடையை ஒப்பிடும் ஷ்னர் அளவுகோலைப் பல காப்பீட்டு நிறுவனங்கள் இன்னும் வைத்திருக்கின்றன. அது 1991-இல் வந்தது.

படங்கள் காட்டினால், உங்கள் உடல்வாகு கொண்டவர்களின் ஓராண்டு கழிந்த படத்தைக் கேளுங்கள். மூன்றாம் மாதப் படத்தில் வடிவம் இன்னும் இறங்கி அமர்ந்திருக்காது, தழும்பும் சிவப்பாகவே இருக்கும். கட்டணத்தில் மயக்க மருந்து நிபுணர், திசுப் பரிசோதனை, சிகிச்சை பிரா, பின்னால் தேவைப்பட்டால் செய்யும் சிறு திருத்தம் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மனக்கசப்பு பெரும்பாலும் கடைசி இனத்தில்தான் வரும்.

எந்த வெட்டு, எந்தப் பாலம்

பரவலாகச் செய்யப்படுவது நங்கூர வடிவ வெட்டு. காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தைச் சுற்றி ஒன்று, அதிலிருந்து நேராகக் கீழே ஒன்று, அடிமடிப்பை ஒட்டிக் குறுக்காக ஒன்று. 1956-இல் சர்ஜன் ராபர்ட் வைஸ் வெளியிட்ட வரைவுதான் இதற்கு அடிப்படை. நிறைய எடுக்க வேண்டியவர்களுக்கும் தோல் மிகத் தொய்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். குறை என்னவென்றால் தழும்பு நீளம், சிலருக்கு அடிப்பகுதி பெட்டிபோல அகன்று தெரியும். குறுக்கு வெட்டு இல்லாத செங்குத்து முறையில் தழும்பு குறைவு, வடிவமும் முன்னோக்கி நிற்கும். ஆனால் முதல் சில மாதங்கள் மேல்பக்கம் உப்பியும் கீழே தோல் சுருங்கியும் பார்க்க விநோதமாக இருக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பயந்துபோவார்கள். கொழுப்பு மிகுந்து தோல் இறுக்கமாக உள்ள சிலருக்கு, கொழுப்பை உறிஞ்சி எடுப்பது மட்டுமே போதும். அதில் தழும்பு மிகச் சிறிது, ஆனால் தொங்கலைப் பெரிதாகத் தூக்கித் தராது.

காம்பை வெட்டி எடுத்து மேலே ஒட்டுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் ஒரு திசுப் பாலத்தோடு சேர்த்தே காம்பை மேலே நகர்த்துகிறார்கள். பாலம் கீழிருந்து வரலாம், மேல் உட்புறத்திலிருந்தும் வரலாம். எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆபத்து. மிகப் பெரிய மார்பகத்திலும், ரத்த ஓட்டம் சந்தேகமான சிலரிடமும் மட்டும் காம்பை முழுதாகப் பிரித்து ஒட்டுவார்கள். அப்படிச் செய்தால் அந்தக் காம்பு வழியே பாலூட்ட முடியாது, உணர்ச்சியும் பெரும்பகுதி போய்விடும். எனவே "என் காம்பு எந்தப் பாலத்தில் நிற்கும்?" என்று கேட்டுத் தெளிவாகப் பதில் வாங்குங்கள்.

சிகிச்சை நாளும் முதல் வாரமும்

கோடு போடுவது உங்களை நிற்க வைத்துத்தான். படுத்தால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்து கணக்கு தப்பும். காம்பின் புது இடம் ஏறக்குறைய அடிமடிப்பின் மட்டத்தில் குறிக்கப்படும். முழு மயக்கத்தில் 2 முதல் 4 மணி நேரம் ஆகும். எடுத்த திசுவைப் பக்கவாரியாக எடைபோட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எவருக்கும் தெரியாமல் இருந்த புற்றுநோய் மிக அபூர்வமாக அதில் அகப்படுவதுண்டு, அதனால் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உள்ளே சேரும் ரத்தமும் நீரும் வடிய டிரெயின் குழாய் வைப்பது சர்ஜனின் வழக்கத்தைப் பொறுத்தது. வைத்தால் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். அன்றே வீடு, அல்லது ஓர் இரவு மருத்துவமனை.

வலி எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். இறுக்கமும் வீக்கமும்தான் அதிகம். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி மல்லாந்து தூங்கவேண்டும், பழக்கமில்லாதவர்களுக்கு வலியைவிட இதுவே பெரிய தொல்லை. முன்பக்கம் திறக்கும் சட்டை நாலைந்து தயாராக இருக்கட்டும். முதல் நாளிலிருந்தே எழுந்து நடந்தால் காலில் ரத்தம் உறைவது குறையும்.

ஒரு பக்கம் மட்டும் மளமளவென்று வீங்கிக் கல்போல இறுகி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். இது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும், உடனே திறந்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும். காம்பு நீலம் பாய்ந்து கறுப்பது, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டாம் வாரத்திலிருந்து

எல்லாம் ஆறிவிட்டது என்று நினைக்கும்போதுதான் தையல் பிரியும். நேர்வெட்டும் குறுக்குவெட்டும் சந்திக்கும் முக்கில், இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரு சிறு வாய் திறப்பது இந்தச் சிகிச்சையில் மிகச் சகஜம். தோல் மடல்களின் கடைசி நுனி அது. ரத்தம் அங்கே போய்ச் சேர்வது குறைவு, இழுவிசையோ அங்கேதான் அதிகம். மறுபடி தைக்க மாட்டார்கள். சுத்தமான கட்டு போட்டு வந்தால் சில வாரங்களில் தானாக மூடும், அந்த இடத் தழும்பு மட்டும் கொஞ்சம் அகலமாகும். சீழ் வாடை, சுற்றிலும் பரவும் சிவப்பு இருந்தால் அது வேறு கதை.

தையல் பிரிவதைப் பெரிதாக்குவது நிகோடின். அது நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். சிகிச்சைக்கு முன் 4 வாரம், பின் 4 வாரம் அறவே கூடாது. வேப், நிகோடின் பட்டை, சூயிங்கம் எல்லாமே இதில் சேர்த்தி. மறைத்துச் சொன்னால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆஸ்பிரின், ஐபுப்ரோபன், மீன் எண்ணெய் மாத்திரை, கருத்தடை மாத்திரை பற்றியும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மேசை வேலைக்கு ஓரிரு வாரத்தில் திரும்பலாம். கனமான பை, தண்ணீர்க் குடம், குழந்தையைத் தூக்குவது எல்லாம் 4 முதல் 6 வாரம் வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் துணைக்கு ஆள் ஏற்பாடு செய்யாமல் தேதி குறிக்காதீர்கள். ஓட்டமும் குதிப்பும் ஆறு வாரத்துக்குப் பிறகு. கம்பி வைத்த பிரா அடிமடிப்புத் தையலில் உராயும் என்பதால் அது இன்னும் தள்ளி. புது பிரா ஒரு டஜன் வாங்கிவிடவும் வேண்டாம், அளவு நிலைக்க மாதங்கள் ஆகும்.

திடீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுரீரென்று குத்தும். நரம்பு மீள்வதன் அறிகுறி அது. காம்பு மரத்துப்போவதும், துணி பட்டாலே கூசுவதும் உண்டு. பலருக்கு ஓராண்டுக்குள் சீராகும், சிலருக்கு நிரந்தரமாகவே குறையும். புண் முழுதாக மூடிய பிறகு சிலிகோன் ஷீட்டை நாளுக்கு 12 மணி நேரமாவது இரண்டு மூன்று மாதம் ஒட்டி வைத்தால் தழும்பு தட்டையாகும். நிறம் மங்க ஓராண்டுக்கு மேல் எடுக்கும்.

மாதங்கள் கழித்து உள்ளே கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், ரத்தம் எட்டாமல் இறந்த கொழுப்பாகவே பெரும்பாலும் இருக்கும். இருந்தாலும் ஸ்கேன் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் மாமோகிராம் எடுக்கும்போதும் இந்தச் சிகிச்சை நடந்ததை மறக்காமல் சொல்லுங்கள், பழைய தழும்பும் சுண்ணாம்புப் படிவும் படத்தில் குழப்பும்.

பாலூட்டும் திறன் எல்லோருக்கும் போய்விடுவதில்லை. காம்புக்கு அடியிலுள்ள திசுவை விட்டுவைத்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கும், ஆனால் பால் போதாமல் போகலாம். அடுத்த ஓரிரு ஆண்டில் குழந்தை பெறும் திட்டம் இருந்தால் தள்ளிப்போடுவதே எங்கள் பரிந்துரை. கர்ப்பமும் எடை ஏற்றமும் வடிவத்தை மறுபடி மாற்றிவிடும். பெரிதாக எடை குறைக்கப் போகிறவர்களும் முதலில் அதை முடித்து, ஆறு மாதம் நிலைத்த பிறகு வரட்டும்.

தையல் முனையில், அக்குள் பக்கமாகத் துருத்தி நிற்கும் தோல்மடிப்புதான் திருத்தத்துக்குத் திரும்பி வருபவர்களின் வழக்கமான புகார். அவசரப்பட்டு மூன்றாம் மாதம் போய் நிற்க வேண்டாம். பாதி தானே அடங்கும். ஓராண்டு ஆகியும் நின்றால், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் சின்ன வெட்டில் எடுத்துவிடலாம்.