ஒரு மணி நேர டிரிப்பா, ஒரே தடவை ஊசியா?

அம்பத்தூரில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்குப் போன ஆடி மாதம் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. முதலில் ஓடிய மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் இல்லை. ஸ்கேன் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. மூளையில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்று ஸ்கேனில் தெரிந்த பிறகே, அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் போட முடியும். அதுவும் நாலரை மணி நேரத்துக்குள். "இரண்டு மருந்து இருக்கு, டெனெக்டிப்ளேஸ் போடறோம்" என்றார் டாக்டர். தலையாட்டினோம். என்ன வித்தியாசம் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

பழைய மருந்து ஆல்டிப்ளேஸ். 1995இல் வந்த அமெரிக்க ஆய்வு இது மூன்று மணி நேரத்துக்குள் பலன் தரும் என்று காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம். எழுபது கிலோ ஆளுக்கு 63 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கை முதலில் ஊசியாகப் போட்டுவிட்டு, மீதியைப் பம்ப் வைத்து ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். இந்த மருந்து சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஊசிக்கும் பம்புக்கும் இடையில் தாமதம் வந்தால் அதன் வேகம் போய்விடும்.

டெனெக்டிப்ளேஸ் அதே மூலக்கூறைச் சற்று மாற்றிச் செய்தது. உடம்பில் அதிக நேரம் தங்கும். கிலோவுக்கு 0.25, அதிகபட்சம் 25 மில்லிகிராம். ஒரே தடவை, சில விநாடிகளில் முடிந்துவிடும்.

பலன்? 2022இல் கனடாவில் சுமார் 1,600 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்து ஏறக்குறைய பழையபடி ஆனவர்கள் டெனெக்டிப்ளேஸில் 36.9 சதவீதம், ஆல்டிப்ளேஸில் 34.8. மூளையில் ரத்தம் கசிந்தவர்கள் 3.4, 3.2. குணத்தில் இரண்டும் சமம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அளவு முக்கியம். டெனெக்டிப்ளேஸைக் கிலோவுக்கு 0.4 கொடுத்துப் பார்த்த நார்வே ஆய்வில் ரத்தக் கசிவும் இறப்பும் கூடியதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? சென்னையைப் பொறுத்தவரை என் ஓட்டு டெனெக்டிப்ளேஸுக்கே. காரணம் சாலை. பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் மருந்து மட்டும் பல சமயம் போதாது. தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் த்ராம்பெக்டமி வேண்டும். 2015இல் நெதர்லாந்து ஆய்வு அதன் பலனை நிரூபித்தது. 2018இல் வந்த ஆய்வுகளோ, ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று காட்டின. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் அந்த வசதி கிடையாது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி, பாடி மேம்பாலத்தில் காலை நெரிசலைத் தாண்டி இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதை யோசித்துப் பாருங்கள். ஊசி போட்டு முடிந்த நோயாளி என்றால் உடனே கிளம்பிவிடலாம். 2018இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று த்ராம்பெக்டமிக்குப் போகிறவர்களிடம் இரண்டு மருந்தையும் ஒப்பிட்டது. கம்பி விடும் முன்பே ரத்த ஓட்டம் திரும்பியது டெனெக்டிப்ளேஸில் 22 சதவீதம் பேருக்கு, ஆல்டிப்ளேஸில் 10 சதவீதம் பேருக்கு.

அதற்காக, ஆல்டிப்ளேஸ் மட்டும் இருக்கிற இடத்தில் "அந்த ஊசிதான் வேண்டும்" என்று வேறு மருத்துவமனை தேடிப் போகாதீர்கள். அடைப்பு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது ஒரு கணக்கு. கையில் இருப்பதை உடனே போட்டுக்கொள்வதே சரி.

பெரியப்பா இப்போது நடக்கிறார். சட்டைப் பித்தான் மட்டும் போட வரவில்லை. போன மாதம்தான் பெரியம்மா சொன்னார்: அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நாள் வாய் கோணி, பேச்சுக் குழறி, பத்தே நிமிடத்தில் சரியாகியிருக்கிறது. வெயில் என்று விட்டுவிட்டார்கள். அப்படி வந்து போகும் குட்டிப் பக்கவாதத்துக்கு, முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சேர்த்துத் தொடங்கி மூன்று வாரம் கொடுத்தால் மறுபடி அடைப்பு வருவது குறையும் என்று 2013இலேயே சீன ஆய்வு சொல்லிவிட்டது. அந்த மாத்திரைகள் பக்கத்து மெடிக்கல் ஷாப்பிலேயே இருக்கின்றன. அன்று அவரை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை.