திருகோணமலை – கொழும்பு இரவு பஸ்: போனில் சீட் புக் பண்ணுகிறவர்கள் கவனத்துக்கு

திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனிலேயே சீட் பிடிக்கிறவர்கள், இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள். போன மாதம் நானும் அம்மாவும் பட்ட பாடு இது. பஸ்ஸின் பெயரையும் புக்கிங் எடுத்தவரின் பெயரையும் நான் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. வலது கண்ணில் வெள்ளை படர்ந்து பார்வை மங்கிவிட்டது. கொழும்பில் காலை கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இங்கிருந்து கொழும்பு கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர். இரவு பஸ் ஒழுங்காக ஓடினால் ஆறு, ஆறரை மணித்தியாலத்தில் புறக்கோட்டையில் இறங்கலாம். விடியப்புறம் போய்ச் சேர்ந்தால் ஆறுதலாக முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, நம்பர் எடுக்கலாம் என்பது எங்கள் கணக்கு.

வழமையாக 49ஆம் இலக்க பஸ்ஸில் ஸ்டாண்டிலேயே ஏறிப் போகிறவர்கள்தான் நாங்கள். இந்த முறை அம்மாவின் முழங்காலை நினைத்து, ஏசி பஸ்ஸில் முன் சீட்டில் கூட்டிப் போவோம் என்று முடிவெடுத்தேன். தெரிந்த ஒருவர் தந்த நம்பருக்குக் கதைத்தேன். “அஞ்சாம் ஆறாம் சீட் உங்களுக்குத்தான் அண்ணே. ஒன்பதரைக்கு எடுத்திருவம்” என்றார். வாட்ஸ்அப்பில் படமும் வந்தது: நீல பஸ், சாய்கிற சீட், ஜன்னலுக்குத் திரை. இரண்டு சீட்டுக்கும் 4,600 ரூபாய் அவர் தந்த கணக்குக்கு அனுப்பினேன். டிக்கெட் எங்கே என்று கேட்டேன். “பஸ்ஸில தருவாங்க” என்றார். அந்த இடத்திலேயே நான் விட்டிருக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கே மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் போய் நின்றோம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைத் தெரிந்தவர்களுக்கு இரவில் அங்கே மான்கள் நடமாடுவதும் தெரியும். ஒரு மான் வந்து, அம்மா கீழே வைத்த பையை மோந்து பார்த்தது. அம்மா வாழைப்பழத்தை உரித்துத் தோலைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எனக்கு நீட்டினார். அந்த நேரம் வரைக்கும் நல்ல சந்தோஷமாகத்தான் இருந்தார்.

ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தேன். “பஸ் உப்புவெளியில நிக்குது, அஞ்சு நிமிஷம்.” பத்தேகாலுக்கு மறுபடி அடித்தேன். அப்போதும் அதே ஐந்து நிமிஷம். பஸ் வந்தபோது பத்து ஐம்பது. படத்தில் இருந்த பஸ் அது இல்லை. சீட் சாயாது. ஏசி துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தேன், வெறும் சூடான காற்று. ஐந்தாம் ஆறாம் சீட்டில் வேறு இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் பணம் கட்டியவர்கள்தான், அவர்கள் மேல் பிழையில்லை. நடத்துனரிடம் கேட்டேன். “புக்கிங் எங்கட இல்ல அண்ணே, அவரோட கதைங்க” என்றார். அவருக்கு அடித்தால் போன் ஓஃப்.

கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. காலுக்குக் கீழே கருவாட்டுப் பெட்டிகள். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

அப்புறம் தொடங்கியது உருட்டல். கன்னியா சந்தியில் பத்து நிமிஷம், இன்னும் கொஞ்சம் தள்ளி இரண்டு பேர் ஓடி வருவார்கள் என்று ஒரு நிறுத்தம், கந்தளாயில் தேத்தண்ணிக் கடையடியில் முப்பத்தைந்து நிமிஷம். என் அப்பா இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போவில் வேலை செய்தவர். பஸ் ஏன் இப்படி ஊருகிறது என்று சின்ன வயதில் கேட்டபோது அவர் சொன்னது நினைவில் இருக்கிறது. 1958 இல் பஸ்களை அரசாங்கம் எடுத்த பிறகு சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம். 1979 இல் தனியார் பஸ்கள் திரும்ப வந்தபோது, அன்றைய வசூலைப் பார்த்துத்தான் கூலி என்று ஆகிவிட்டது. ஆள் ஏறினால்தான் காசு. அதனால் ஆள் கிடைக்கும் இடமெல்லாம் ஊருவார்கள், பின்னால் இன்னொரு பஸ் தெரிந்தால் பறப்பார்கள். அந்தத் தொழிலாளர்களின் கஷ்டம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒன்பதரை என்று சொல்லிக் காசு வாங்கியவருக்கு, அது நடக்காது என்பது அன்றைக்கே தெரியும். என்னால் தாங்க முடியாதது அதுதான்.

தம்புள்ளையில் மூன்று மணி இருக்கும். லைட்டைப் போட்டார்கள். “கொழும்புக்குப் போறவங்க இறங்குங்க, பின்னால வார பஸ்ஸில ஏத்திவிடுறம்.” பதினொரு பேர் இருந்தோம். கொழும்புக்கு ஆள் காணாது, அதனால் இந்த பஸ் திரும்புகிறது என்று பிறகுதான் விளங்கியது. மரக்கறி லொறிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போக, ரோட்டோரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். அம்மா மூதூர்க்காரி. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவைக்கு, எங்கள் பேச்சில் ‘பாதை’க்கு, காத்துக் காத்தே காலம் போனவர். “பாதையில நிண்டா எதிர்க்கரையாவது தெரியும் மகன்” என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

வந்த பஸ் நிரம்பியிருந்தது. அதன் நடத்துனர் எங்களிடம் திரும்பவும் காசு கேட்டார். கட்டிவிட்டோம் என்றேன். “டிக்கெட்?” என்று கையை நீட்டினார். என்னிடம் என்ன இருக்கிறது? போனில் ஒரு பணம் அனுப்பிய படமும், “அஞ்சு ஆறு” என்று ஒரு குரல் சொன்னதும். திரும்பக் கட்டினேன். அதற்கும் டிக்கெட் தரவில்லை. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குருநாகல் வரை நின்றார். அதற்கு மேல் ஒரு சிங்களப் பொடியன் எழும்பி, “அம்மே, வாடி வென்ன” (அம்மா, உட்காருங்கள்) என்று இடம் கொடுத்தான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

புறக்கோட்டையில் இறங்கும்போது ஒன்பது ஐந்து. கடவத்தையில் இருந்து காலை நெரிசல் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அன்றைய நம்பர் முடிந்திருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வரிசை அப்படி. ஆறு வாரம் கழித்து ஒரு திகதி தந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் 1955 க்கு அடித்தேன். தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம் அது. மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ்களுக்கு அனுமதி கொடுப்பது அவர்கள்தான். எதிரே பேசியவர் பொறுமையாகக் கேட்டார். பஸ்ஸின் இலக்கத் தகடு என்ன, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு ஏறினீர்கள், டிக்கெட் இருக்கிறதா? இடமும் நேரமும் சொன்னேன். தகட்டு இலக்கத்தை நான் பார்க்கவே இல்லை. இருட்டு, அம்மாவின் பை, ஏறுகிற அவசரம்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். டிக்கெட் கையில் வராமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். ஏறுவதற்கு முன் முன்னால் போய்த் தகட்டையும் பாதை இலக்கத்தையும் போனில் ஒரு படம் எடுங்கள், பத்து வினாடி வேலை. படத்தில் காட்டிய பஸ் வராவிட்டால் ஏறாமலே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஏறிய பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. நடுவழியில் இறக்கினால், மிச்சத் தூரத்துக்கான காசை வாங்காமல் அந்த பஸ்ஸை விடாதீர்கள். நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து நின்றிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் ஆளாளுக்குப் பையைத் தேடிக்கொண்டிருந்தோம். மூதூர், குச்சவெளி, மட்டக்களப்பு என்று மாகாணத்துக்குள்ளேயே ஓடும் தனியார் பஸ் என்றால் முறைப்பாடு போக வேண்டியது கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கு. இரண்டையும் குழப்பினால் நாட்கள்தான் போகும்.

அடுத்த கிளினிக்குக்கு ரயிலில் போகிறோம். ஸ்டேஷனுக்கு நானே போய் டிக்கெட் எடுத்து, அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

அந்த இரவு தம்புள்ளையில் எங்களோடு இறக்கிவிடப்பட்டவர்கள் யாராவது இதைப் பார்த்தால், முதல் பஸ்ஸின் தகட்டு இலக்கம் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். கைக்குழந்தையோடு ஒரு தங்கச்சி நின்றார், அவரும் போனில் படம் எடுத்ததாக ஞாபகம்.