ஓடும்போதா, நிற்கும்போதா? புதுப்பேட்டை ரேடியேட்டர் பட்டறை ஒன்றின் சேவை குறித்து

எங்கள் வீட்டில் இன்னமும் ஓடிக்கொண்டிருப்பது 1999ஆம் ஆண்டில் அப்பா வாங்கிய மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பழைய வகை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். கடந்த கோடையில், கத்திரி வெயில் தொடங்கிய வாரத்திலேயே, மெட்ரோ பணிகளால் பாதியாகச் சுருங்கிப்போன சென்னை ஆற்காடு சாலையில் வடபழனிக்கும் போரூருக்கும் இடையே இந்த வண்டி மூன்று முறை கொதித்து நின்றது. அந்தக் கோளாறு எப்படித் தீர்ந்தது என்பதையும், அதைத் தீர்த்து வைத்த புதுப்பேட்டைப் பட்டறையின் வேலை எந்தத் தரத்தில் இருந்தது என்பதையும், பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டி சூடானால் வெயிலின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் 2003 மே மாதக் கடைசி நாளில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானபோதும் இதே வண்டி, என்ஜின் தண்ணீரின் சூட்டைத் தணிக்கும் இதே ரேடியேட்டருடன் நகரத்துக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பா அதற்காக ஒருநாளும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றதாக எனக்கு நினைவில்லை. ஆகவே இத்தனை ஆண்டுகளில் வண்டிக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. என்ன மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் இரண்டு இடங்களில் பணத்தையும் மூன்று வாரங்களையும் தொலைத்தேன்.

முதலில் காட்டியது எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம். அவர் அரை மணி நேரத்தில், தண்ணீர் உரிய சூட்டுக்கு வந்த பிறகே ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்தார். வெப்பத்தை அறிந்து ரேடியேட்டர் ஃபேனை இயக்கும் தெர்மோ சுவிட்சை விலக்கிவிட்டு, சாவி போட்டாலே ஃபேன் ஓடும்படி 'டைரக்ட்' கொடுத்தார். பக்கெட்டில் இருந்த போர் தண்ணீரை ஊற்றி மூடினார். சென்னையில் பழைய வண்டிகளுக்குக் காலம் காலமாகச் செய்யப்படும் வைத்தியம் இதுதான். அடுத்த நாளே வண்டி முன்னைவிட வேகமாகக் கொதித்தது. இரண்டாவதாகச் சென்ற பல நிறுவன வண்டிகளையும் பார்க்கும் சர்வீஸ் சென்டரில், வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ்கள், என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் காஸ்கெட் என எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ரூ. 14,500க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். வண்டியின் இன்றைய விலையில் அது கணிசமான பங்கு.

அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித்தான் புதுப்பேட்டைப் பட்டறைக்குப் போனேன். கூவம் பக்கமாக, பழைய கதவுகளும் பம்பர்களும் சாத்தி வைக்கப்பட்ட சந்து ஒன்றில், பத்தடி அகலத்தில் இருக்கிறது. பெயர்ப்பலகையின் எழுத்துகள் மங்கி 'ரேடியேட்டர் வேலை' என்ற சொற்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. வாசலில் ஒரு சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர், உள்ளே சுவர் முழுக்கத் தொங்கும் ரேடியேட்டர்கள், ஈயமும் ஆசிடும் கலந்த ஒரு காட்டமான வாடை. நடத்துபவர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். நான் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தொடங்கியபோது, அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஓடும்போது ஏறுதா சார், நிக்கும்போது ஏறுதா?"

முந்தைய இரண்டு இடங்களிலும் எவரும் கேட்காத இந்தக் கேள்விக்குள்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டரின் ஊடாகப் புகுந்து செல்கிறது; சிக்னலில் நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் மட்டுமே செய்தாக வேண்டும். நிற்கும்போது மட்டும் சூடு ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கிவிட்டால் சந்தேகப்பட வேண்டியது காற்றோட்டத்தை. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதும் சூடு காட்டும் மீட்டரின் ஊசி ஏறினால் தண்ணீரின் ஓட்டத்தில், அதாவது அடைபட்ட குழாய்களிலோ பம்பிலோ, குறை இருக்கலாம். என் வண்டியிலோ இரண்டும் இருந்தன: நிற்கும்போது ஐந்தே நிமிடத்தில் சிவப்பைத் தொடும், ஜிஎஸ்டி சாலையில் ஏசி போட்டுக்கொண்டு போனால் கொதிக்காது, ஆனால் ஊசி முக்கால் அளவுக்குக் கீழே இறங்கவும் இறங்காது. இதைச் சொன்னதும், "அப்போ ரெண்டு நோய்" என்றார்.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். ஏசியை அணைக்கச் சொல்லி, என்ஜினை ஓடவிட்டு, தேநீர்க் கடையிலிருந்து வந்த செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். ஃபேன் காற்றை முன்னாலிருந்து உள்ளே இழுக்க வேண்டும் என்பதால், அந்தத் தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அது படபடத்து அவருடைய சட்டைமேல் வந்து விழுந்தது. 'டைரக்ட்' கொடுத்தபோது மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். நேர்மின் மோட்டார் என்பதால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, என்ஜின் பக்கத்துச் சூடான காற்றை ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. சத்தம் வருகிறது, ஃபேன் ஓடுகிறது என்று மூன்று வாரங்களாக நானும் நம்பியிருந்தேன். ஒரு தாள் துண்டில் தெரிந்துவிடக்கூடிய இந்தச் சோதனையை எந்த வண்டிக்காரரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கையை மட்டும் ஃபேனுக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது.

வண்டி ஆறிய பிறகு ரேடியேட்டரைக் கழற்றி, கீழ் வாயைத் திறந்துவிட்டு, மேல் வாயில் ஒரு குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். நல்ல ரேடியேட்டரில் ஊற்றுகிற வேகத்திலேயே கீழே கொட்ட வேண்டும். இதில் தண்ணீர் மேலேயே வழிந்தது, கீழே விரல் கனத்துக்குத்தான் வந்தது. என் வண்டியில் இருப்பது பித்தளைத் தொட்டியும் பித்தளைக் குழாய்களும் செம்புத் தகடுகளும் கொண்ட பழைய ரகம். இதைத் திறந்து சுத்தம் செய்து மீண்டும் பற்றவைக்க முடியும். பிளாஸ்டிக் தொட்டியை அலுமினியத்தோடு மடித்துப் பொருத்திய இன்றைய ரேடியேட்டர்களில் இந்த வேலைக்கு இடமில்லை. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதே வழக்கம். டார்ச்சின் நீல நெருப்பைத் தொட்டியின் விளிம்பைச் சுற்றி நிதானமாக நகர்த்தி, ஈயம் உருகிச் சொட்டச் சொட்ட மேல்தொட்டியைத் தனியே எடுத்தார் அவரிடம் வேலை பார்க்கும் இளைஞர். உள்ளே குழாய் வாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக அடைத்திருந்தன. கடினத் தன்மை மிகுந்த போர் தண்ணீரைப் பல ஆண்டுகள் ஊற்றியதன் விளைவு அது. சில ஆண்டுகளாக அதை ஊற்றியவன் நானேதான் என்பதால் அங்கே நான் அதிகம் பேசவில்லை.

தட்டையான மெல்லிய இரும்புப் பட்டை ஒன்றை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுக்கிறார்கள். இதற்குத்தான் 'ராட் விடுவது' என்று பெயர். குழாய்ச் சுவர் மிக மெல்லியது என்பதால் அவசரப்பட்டால் கிழிந்துவிடும். அந்த இளைஞர் ஒன்றரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் இதைச் செய்தார். பிறகு தொட்டியைப் பற்றவைத்து, வாய்களை அடைத்து, காற்றேற்றி, சிமென்ட் தொட்டிக்குள் முழுவதுமாக அமிழ்த்திப் பார்த்தார்கள். ஓர் ஓரத்திலிருந்து கடுகளவு குமிழிகள் வரிசையாக எழுந்தன. அந்த இடத்தை மறுபடி பற்றவைத்து மறுபடி அமிழ்த்தினார்கள். கேட்காமலேயே இரண்டாம் முறையும் சோதித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ரேடியேட்டர் மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் அதை வெறும் மூடி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன்மேல் 0.9 என்று பொறித்திருப்பது அது தாங்க வேண்டிய அழுத்தம். அந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறத்தாழ 118 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ரப்பர் தடித்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அவர் கைப்பம்பில் மாட்டி அழுத்திக் காட்டியபோது என் மூடி பாதி அளவுக்கே நிற்காமல் சீறியது. புதிய மூடி ரூ. 220. கூடவே, தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதற்காகத் தெருமுனை மெக்கானிக்கைப் பெயர் தெரியாமலேயே கடிந்துகொண்டார். அது இல்லாவிட்டால் என்ஜின் காலையில் உரிய சூட்டுக்கு வரவே வெகுநேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், அடைபட்ட குழாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது அவர் வாதம். மூன்று வாரங்களாக மைலேஜ் குறைந்திருந்ததன் காரணம் எனக்கு அப்போது புரிந்தது. 82 டிகிரியில் திறக்கும் புதிய தெர்மோஸ்டாட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து நானே வாங்கி வந்தேன். பொருத்துவதற்கு முன் கொதிநீர்க் குவளையில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். தெர்மோ சுவிட்சையும் மீண்டும் இணைத்து, ஃபேனை அதன் பொறுப்பிலேயே விட்டார்கள்.

ஹெட் காஸ்கெட்டை மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டர் எழுதியிருந்ததைக் காட்டினேன். ஆயில் குச்சியை எடுத்து, தண்ணீர் கலந்ததால் வரும் மோர் போன்ற கலங்கல் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. ஆறிய என்ஜினை மூடி போடாமல் ஓடவிட்டு, தண்ணீரில் தொடர்ந்து குமிழி வருகிறதா என்று கவனித்தார், அதுவும் இல்லை. புகையும் வெள்ளையாக இல்லை. "இது எதுக்கு சார்?" என்று தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். வாட்டர் பம்பில் கசிவோ ஆட்டமோ இல்லாததால் அதையும் தொடவில்லை. தளர்ந்திருந்த பெல்ட்டை மட்டும் இறுக்கினார். அந்தப் பெல்ட் சுழற்றுவது பம்பையும் ஆல்டர்னேட்டரையும்தான் என்றாலும், அதை இன்னமும் 'ஃபேன் பெல்ட்' என்றே அழைக்கிறோம்.

செலவு மொத்தம்: ரேடியேட்டர் வேலைக்கு ரூ. 1,800, மூடி ரூ. 220, ஒயரிங்குக்கு ரூ. 300, நான் தனியாக வாங்கிய தெர்மோஸ்டாட்டும், ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்டும் ரூ. 750க்குள் அடங்கின. வேலைக்குப் பின், மதியம் இரண்டு மணிக்கு, ஏசியுடன், அதே ஆற்காடு சாலையில் நாற்பது நிமிடங்கள் ஊர்ந்திருக்கிறேன். ஊசி பாதியைத் தாண்டும்போது ஃபேன் ஓடத் தொடங்குகிறது, இரண்டு நிமிடங்களில் நின்றுவிடுகிறது.

குறைகளும் உண்டு. இரண்டு மணி நேரம் என்றார்கள், மாலை ஆறரை ஆயிற்று. நான் போனது வெள்ளிக்கிழமை. தொழுகைக்காக மதியம் இரண்டு மணி நேரம் பட்டறை மூடியிருக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாதது என் தவறு. உட்கார இடம் இல்லை, பில் இல்லை, எழுத்தில் உத்தரவாதமும் இல்லை. ஆறு மாதத்துக்குள் பற்றவைத்த இடம் கசிந்தால் இலவசமாகச் செய்து தருவதாக வாய்மொழியில் சொல்லியிருக்கிறார். எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தந்தது, பக்கத்து வண்டியிலிருந்து வடித்த பச்சைக் கூலன்டைத் தெருச் சாக்கடையில் கொட்டியதுதான். அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயோ மாடோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. சொன்னபோது சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, கடைசியில் நிரப்புவதற்கு அங்கேயும் போர் தண்ணீரைத்தான் எடுத்தார்கள். நான் தடுத்து, டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வரும்வரை காத்திருக்கச் சொன்னேன். நம் ஊரில் தண்ணீர் உறையும் கவலை இல்லாததால் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும் என்றார் பாய், எனக்கும் அது சரியாகவே பட்டது. ஹீட்டரைத் திறந்துவைத்து, மேல் ஹோஸை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றி, சிறிது சிறிதாக ஊற்றியதில் மூன்றரை லிட்டர் பிடித்தது.

எனவே அங்கே போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துக் காலை பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது. ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டரையும் கூலன்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வடிக்கும் பழைய கூலன்டைப் பிடித்துக்கொள்ள மூடியுடன் கூடிய காலி கேன் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். அடுத்த முறை நான் அப்படித்தான் போகப்போகிறேன்.