குழந்தைகளோடு டஸ்கனி: புளோரன்ஸில் தங்குவதா, லூக்காவிலா?

இத்தாலியின் டஸ்கனி பகுதிக்குப் போக, அங்கே பெரிய ஊரான புளோரன்ஸில் ஐந்து இரவு, மதில் சூழ்ந்த சின்ன ஊரான லூக்காவில் இரண்டு இரவு என்றுதான் முதலில் திட்டம் போட்டோம். பிறகு அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டோம். ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள், முழங்கால் வலியோடு மாமியார், நாங்கள் இருவர் என்று ஏப்ரல் கடைசியில் ஐந்து பேராகப் போய் வந்தோம். இப்போது யார் கேட்டாலும் லூக்கா என்றுதான் என் வாயில் வருகிறது, அதனால் நடுநிலையான அலசலை எதிர்பார்க்காதீர்கள்.

பார்க்க வேண்டியவை என்று எடுத்தால் புளோரன்ஸ் பக்கத்தில் லூக்கா நிற்கவே முடியாது. உஃபீசி ஓவியக் கூடம், மைக்கலாஞ்சலோ செதுக்கிய டேவிட் சிலை, கதீட்ரலின் பெரிய குவிமாடம் எல்லாம் அங்கேதான். இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். உஃபீசிக்கும் டேவிட் இருக்கும் அக்காதெமியாவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழே இருந்தால், எந்த நாட்டுப் பிள்ளையானாலும் இலவசம். குவிமாடத்தில் 463 படி, லிஃப்ட் கிடையாது, நேரத்தை முன்பே பதிவு செய்ய வேண்டும். எங்கள் மகனுக்குப் பிடித்தது இது எதுவுமே இல்லை, கலிலியோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கும் கலிலியோவின் விரல்தான். மகளுக்கு வெண்கலக் காட்டுப்பன்றி. அதன் மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று வருகிறவர்கள் எல்லாம் தடவித் தடவி, மூக்கு மட்டும் பொன்னாகப் பளபளக்கிறது.

இதெல்லாம் பகலில். எங்கள் முடிவை மாற்றியது சாயங்காலம்.

இத்தாலியில் பெரும்பாலான உணவகங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு, ஏழரைக்குத்தான் கதவைத் திறக்கின்றன. பிள்ளைகளோ பகல் முழுக்க நடந்து, நாலரை மணிக்கெல்லாம் படம் சிலை எதையும் பார்க்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் இந்த இரண்டரை மணி நேரத்தை என்ன செய்வது? அறைக்குப் போனால் செல்போன், அப்புறம் சண்டை. வெளியே வந்தால் புளோரன்ஸின் பழைய நகரத்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத நடைபாதை, அதில் எதிரே ஒரு சுற்றுலாக் கூட்டம், பின்னால் ஸ்கூட்டர். ஐந்து வயதுக் குழந்தையின் கையை ஒரு நொடி விட முடியவில்லை. ரிபப்ளிக்கா சதுக்கத்தில் ஒரு ராட்டினம் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எத்தனை சுற்றுக்குக் காசு கொடுப்பது? மாமியார் ஒரு கடை வாசலில் நின்றபடியே, "உட்கார ஒரு திண்ணை இல்லையேம்மா இந்த ஊர்ல" என்றார். இரண்டாவது நாள் நாங்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்ததற்குக் காரணம் அந்த இரண்டரை மணி நேரம்தான்.

லூக்காவில் அதே நேரத்துக்கு மதில் இருக்கிறது. பழைய நகரத்தைச் சுற்றி 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கட்டியது, இன்றைக்கும் ஒரு இடத்தில்கூட அறுபடாமல் நிற்கிறது. பீரங்கிக்குப் பயந்து கட்டினார்கள், ஆனால் எந்தப் படையும் வந்து அதை முற்றுகை போடவில்லை. 1812இல் செர்கியோ ஆறு பெருக்கெடுத்தபோது கதவுகளை அடைத்து வெள்ளத்தைத் தடுத்ததுதான் அது செய்த பெரிய வேலை. இப்போது அதன் மேலே இரண்டு பக்கமும் மரம், நடுவில் அகலமான பாதை, கார் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடு நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், பெஞ்சில் உட்கார்ந்து வம்பளக்கிறார்கள். இடையிடையே கொத்தளங்கள் புல்வெளியாக விரிகின்றன.

வடக்கே சான்டா மரியா வாயில் பக்கம் வாடகை சைக்கிள் கடைகள் உண்டு. சாதா சைக்கிளோடு, கூரை போட்ட நான்கு சக்கர மிதிவண்டியும் தருகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ரிஷோ, நம் ரிக்‌ஷாதான். முதல் நாள் கணவரும் மகனும் முன்னால் மிதிக்க, பின் இருக்கையில் மாமியார் கைப்பையை மடியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஐந்து நிமிடம் பயம். ஒரு சுற்று முடிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்ததும், "கோயில் பிரகாரம் மாதிரி இருக்கும்மா, எங்க விட்டாலும் சுத்தி இங்கயே வந்துடலாம்" என்றார். எனக்கும் அதுதான் விஷயம். பிள்ளைகள் இருபது அடி முன்னால் ஓடலாம், தொலைய மாட்டார்கள், வண்டி மோதாது. அடுத்த நான்கு நாளும் ஐந்து மணிக்கு மதில், ஏழரைக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குத் தூக்கம். ஒரே ஒரு எச்சரிக்கை: விளிம்பில் பல இடங்களில் கம்பி வேலி இல்லை, வெளிப்பக்கம் நல்ல ஆழம். கொத்தளங்களில் பந்து விளையாடும்போது ஒரு பெரியவர் விளிம்புப் பக்கம் நிற்பது நல்லது.

இதற்கு நாங்கள் கொடுத்த விலை ரயில் பயணம். லூக்காவிலிருந்து புளோரன்ஸுக்கு ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிடம், போக வர என்றால் அது ஒரு நாளை நன்றாகவே தின்றுவிடும். சியெனா, சான் ஜிமிக்னானோ பக்கம் தினமும் போகிற ஆசை இருந்தால் லூக்கா சரிப்படாது. ஆனால் பைசா நகரத்துக்கு அரை மணிதான். சாய்ந்த கோபுரத்துக்கு பைசா சென்ட்ராலே வரை போகாமல் சான் ரொஸ்ஸோரே ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்ச தூர நடை. கோபுரத்தில் 8 வயதுக்குக் கீழே இருப்பவர்களை ஏற விடுவதில்லை என்பதை வீட்டிலேயே குழந்தைக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள். நாங்கள் சொல்லவில்லை, அண்ணன் மட்டும் அப்பாவோடு மேலே போக, தங்கச்சி புல்வெளியில் அழுதது பாதி பைசாவுக்குக் கேட்டிருக்கும். மறுநாள் லூக்காவில் குயினிஜி கோபுரத்தில் ஏற்றிச் சமாதானம் செய்தோம். சுமார் 230 படி, உச்சியில் நிஜமாகவே ஓக் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. கடற்கரை வேண்டுமென்றால் வியரெஜ்ஜோ ரயிலில் பக்கம்தான். ஏப்ரலில் தண்ணீர் சில்லென்று இருந்தது, பிள்ளைகள் மணலில் மட்டும் விளையாடினார்கள்.

பினோக்கியோ என்ற மரப்பொம்மைக் கதையை வைத்து அமைத்த பூங்கா இருக்கும் கொல்லோடி என்ற ஊரும் லூக்காவிலிருந்து பக்கம். 1956இல் திறந்த இடம், சிற்பங்கள், மொசைக், செடிப்புதர்களால் ஆன சிக்குவழி என்று அமைதியாக இருக்கிறது. பெரிய ராட்சத ராட்டினங்களை நினைத்துப் போனால் ஏமாற்றம். மகளுக்குப் பிடித்தது, மகன் முகம் தொங்கியது.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. மாமியார் சைவம் என்பதால் லூக்காவில் செச்சீனா காப்பாற்றியது. கடலை மாவைக் கரைத்து, எண்ணெய் விட்டு, விறகடுப்பில் தட்டோடு வேகவைத்து, மிளகு தூவித் தருவார்கள். பீட்சா கடைகளில் கேட்டால் கிடைக்கும், சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், ஆறினால் மெழுகு. ஃபார்ரோ என்ற கோதுமை வகையில் செய்யும் சூப் சைவம் மாதிரித் தெரியும், பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தங்கும் இடம் பற்றி இரண்டே ஊர், இரண்டே வீடு என்ற அனுபவத்தில்தான் பேசுகிறேன். புளோரன்ஸில் ஒரு பெரிய அறைக்குக் கொடுத்த காசுக்கு லூக்காவில் அடுக்களையோடு வீடு கிடைத்தது. புளோரன்ஸில் மட்டும் மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது, விளம்பரத்தில் லிஃப்ட் என்று போட்டிருந்தார்கள். பழைய கட்டடம் என்றால் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், முழங்கால் வலிக்காரர் கூட வந்தால் கட்டாயம்.

அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரத்தில் லூக்காவில் காமிக்ஸ் திருவிழா நடக்கும், அப்போது ஊரே நிரம்பி வழியும், அறை கிடைப்பது கஷ்டம். ஜூலையில் இசைக் கச்சேரிகள். ஏப்ரல், மே எங்களுக்குச் சரியாக இருந்தது.

மொத்தமே மூன்று இரவுதான் என்றாலோ, பிள்ளைகள் பன்னிரண்டு பதிமூன்று தாண்டியவர்கள் என்றாலோ புளோரன்ஸிலேயே தங்கிவிடுங்கள், ரயிலில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். ஆனால் கதீட்ரல் பக்கம் எடுக்காமல் ஆர்னோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். போபோலி தோட்டம் கூப்பிடு தூரத்தில் இருக்கும். சான்டோ ஸ்பிரிட்டோ சதுக்கத்தில் தேவாலயப் படிகளில் ஊர்க்காரர்களோடு நாமும் உட்காரலாம். மாமியார் தேடிய திண்ணை அங்கேதான் இருந்தது, நாங்கள் கண்டுபிடித்தபோது மறுநாள் காலை லூக்கா ரயிலுக்குப் பெட்டி கட்டியாகிவிட்டது.